அடுப்படி மீதியும் கொல்லைப் பயிரும்

நம் கிராமங்களில் அடுப்படியிலிருந்து நாள்தோறும் வெளியே எறியப்படும் பொருள்களுள் சில உண்மையில் கழிவுகள் அல்ல. அவை உயிருள்ள விதைப் பொருள்கள். முளைவிட்டதென ஒதுக்கப்படும் வெங்காயம், இலை கிள்ளிய பின் வீசப்படும் புதினாத் தண்டு, சேனைக்கிழங்கை நறுக்கும்போது வெட்டி எறியப்படும் தலைப்பகுதி, பொங்கல் கழிந்தபின் குப்பைக்குப் போகும் மஞ்சள் கொத்து ஆகியவை அத்தகையவை. சிறிது மண்ணும் ஈரமும் கிடைத்தால் இவை மீண்டும் தழைக்கும். எவை முளைக்கும், எவை முளைக்கமாட்டா, முளைப்பவற்றிலிருந்து எந்த அளவு பயனை எதிர்பார்க்கலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இதன் பின்னே பெரியதொரு குறை இருக்கிறது. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்களும் கனிகளும் உண்ண வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் கிராமக் குடும்பங்களில் பலவற்றில் இந்த அளவு எட்டப்படுவதில்லை. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். கீரையும் காயும் போதாமை இதற்கு ஒரே காரணம் அன்று. எனினும் முக்கியமான காரணங்களுள் அதுவும் ஒன்று. 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெங்காயம் பல ஊர்களில் கிலோ 100 ரூபாய்க்கு மேல் விற்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய காலங்களில் கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்தில் முதலில் குறைவது அரிசி அன்று, காய்கறியே குறைகிறது. கொல்லையில் ஒரு பாத்தி கீரையும் வெங்காயத்தாளும் இருந்தால் அந்தக் குறையில் ஒரு பகுதியேனும் நீங்கும்.

முளைக்கும் இடம் எது?

செடியின் எந்தப் பகுதியில் ‘கண்’ அல்லது கணு இருக்கிறதோ, அந்தப் பகுதியே மீண்டும் முளைக்கும். கரும்புக் கரணை நடுகிற குடியானவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண் சிதைந்த கரணை எத்துணைப் பருமனாயினும் முளைக்காது. நல்ல கண் உள்ள சிறு துண்டும் முளைக்கும். அடுப்படிப் பொருள்களுக்கும் இதுவே விதி.

வெங்காயத்தில் நாம் உண்ணும் மடல்கள் யாவும் இலைகளின் அடிப்பகுதிகளே. அதன் தண்டு, வேர் புறப்படும் இடத்தில் சிறு தட்டுப்போல் இருக்கிறது. குருத்து அந்தத் தட்டின் நடுவிலிருந்து எழுகிறது. இஞ்சி, மஞ்சள், சேம்பு ஆகியவை மண்ணுக்குள் வளரும் தண்டுகள். அவற்றின் மேற்புறத்துக் கண்கள் வெளிப்படையாகவே தெரியும். புதினாவிலும் பொன்னாங்கண்ணியிலும் இலை ஒட்டியிருந்த ஒவ்வொரு கணுவும் முளைக்கும் இடமாகும். மாறாக, கத்தரிக்காய்க் காம்பு, வெண்டைக்காய்த் தலை, புடலங்காய்த் தோல், வாழைக்காய்த் தோல் முதலியவற்றில் கண் இல்லை. அவற்றை நட்டுப் பயனில்லை. எருக்குழியில் இடுவதே முறை. ஆகவே, கண் உள்ளதை நடுக, கண் இல்லாததை மட்கச் செய்க என்பதை ஒவ்வோர் இல்லத்திலும் விதியாகக் கொள்ளலாம்.

வெங்காயம்

சின்ன வெங்காயத்திற்கும் பல்லாரி வெங்காயத்திற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே அறிந்துகொள்ள வேண்டும். சின்ன வெங்காயம் இயல்பிலேயே காயிலிருந்து பெருகும் பயிர். நட்ட ஒரு காய் மண்ணுக்குள் பிரிந்து, நான்கு முதல் எட்டுக் காய்கள் கொண்ட கொத்தாகிறது. எனவே மழைக்காலத்து ஈரத்தில் கூடையிலேயே முளைவிட்ட சின்ன வெங்காயத்தை எறிந்துவிடாமல் முழுக்காயாகவே நடலாம். மேல்மடல் சற்று அழுகியிருந்தாலும் அதனை உரித்து நீக்கி, அடித்தட்டு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து நடலாம். தட்டே அழுகி மெத்தென்று ஆகியிருந்தால் அது நடவுக்கு உதவாது.

ஒரு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள பாத்தி ஒரு வீட்டுக்குப் போதும். மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, இரண்டு மூன்று கூடை மட்கிய எருவைக் கலந்து, பாத்தியைத் தரையிலிருந்து அரைச் சாண் உயர்த்திக்கொள்ள வேண்டும். வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டரும் காய்க்குக் காய் 10 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டு, வேர்ப்புறம் கீழாகவும் நுனி மண்மட்டத்தில் தெரியுமாறும் ஊன்ற வேண்டும். இவ்வாறு நடுவதற்கு 200 காய்கள், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோ போதும். நன்கு பேணினால் மூன்று, நான்கு கிலோ வெங்காயம் எடுக்கலாம். சித்திரை-வைகாசியும் ஐப்பசி-கார்த்திகையும் இதற்குரிய பட்டங்கள். தாள் மஞ்சளித்துச் சாயத் தொடங்கும்போது, அதாவது நட்ட 70 நாள் அளவில், பறிக்கலாம். நீர் தேங்கினால் காய் அழுகும். ஆதலின் அடைமழைக் காலத்தில் வடிகால் மிகவும் இன்றியமையாதது.

பல்லாரி வெங்காயத்தை நறுக்கும்போது வேர்ப்புறத்தில் இரண்டு விரற்கடை கனம் விட்டு அறுத்து, ஒரு நாள் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் நடலாம். சில நாள்களில் குருத்து எழும். தாள் ஒரு சாண் வளர்ந்ததும் அடியில் இரண்டு விரற்கடை விட்டு அறுத்துக்கொண்டால் மீண்டும் தழைக்கும். ஆனால் இதிலிருந்து பெருங்காய் கிடைக்குமென எண்ணலாகாது. தாளே இதன் பயன். அந்தத் தாளும் இழிவானதன்று. காயில் இல்லாத வைட்டமின் ‘ஏ’ சத்தின் மூலப்பொருள் பசுந்தாளில் இருக்கிறது. பொரியலிலும் கூட்டிலும் அதனைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். தாளை அடிக்கடி அறுத்தால் காய் பருக்காது. தாள் காய்ச்சும் உணவே காயில் சேர்கிறது. ஆகவே பாத்தியில் ஒரு பகுதியைத் தாளுக்கென்றும் மற்றதைக் காய்க்கென்றும் பிரித்துக்கொள்வது நலம்.

வெள்ளைப்பூண்டுப் பல்லும் முளைக்கும். எனினும் அது குளிர்ச்சி இருந்தாலன்றித் திரண்டு காய்க்காது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது அம்மலையின் தட்பவெப்பத்தால் விளைந்த சிறப்பேயாகும். சமவெளியில் பூண்டு நடுவோர் அதன் தாளை மட்டும் எதிர்பார்ப்பதே தகும்.

தண்டிலிருந்து தழைப்பவை

அடுப்படி மீதிகளுள் மிக எளிதாகவும் விரைவாகவும் பயன்தருபவை கீரைத் தண்டுகளே. புதினாக் கட்டு வாங்கினால் நுனி இலைகளைக் கிள்ளிக்கொண்டு, முற்றிய தண்டுகளை விரல் நீளத் துண்டுகளாக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு சாய்த்து ஊன்ற வேண்டும். அரைநிழலும் இடையறாத ஈரமும் இருந்தால் பத்து நாள்களுக்குள் வேர் பிடிக்கும். துவைகல், கைப்பம்பு, குழாயடி ஆகியவற்றின் அருகே நல்ல நீர் கசியும் இடம் இதற்கு ஏற்றது.

பொன்னாங்கண்ணியையும் கொடிப்பசலையையும் இவ்வாறே பெருக்கலாம். கொடிப்பசலைக்கு ஒரு வேலியோ பந்தற்காலோ இருந்தால் போதும்; பல மாதங்கள் இலை தரும். அரைக்கீரையைக் கொல்லையில் விதைத்திருப்போர் அதனை வேரோடு பிடுங்காமல் அடியில் சிறிது விட்டு அறுத்தால் பக்கக் கிளைகள் வெடித்து, பல முறை கீரை கிடைக்கும்.

கறிவேப்பிலைக் காம்பு மட்டும் இவ்வாறு வேர்விடுவதில்லை. நாம் இலை உருவும் காம்பு இலையின் நடுநரம்பேயன்றித் தண்டன்று. அதில் கண் இல்லை. கறிவேப்பிலை வேண்டுவோர் பழுத்த பழத்தின் விதையை உடனே ஊன்றலாம். முற்றிய மரத்தின் வேரிலிருந்து கிளைக்கும் கன்றைப் பெயர்த்தும் நடலாம்.

கிழங்குகளும் மஞ்சள் கொத்தும்

பொங்கலன்று பானையில் கட்டும் மஞ்சள் கொத்து, மறுவாரமே குப்பையில் கிடப்பதைக் காண்கிறோம். கடையில் விற்கும் விரலி மஞ்சள் வேகவைத்து உலர்த்தியது, அது முளைக்காது. பொங்கல் கொத்தோ பச்சைக் கிழங்கோடு கூடியது. இலை வாடியபின் கிழங்கைத் தனியே எடுத்து, ஈரமில்லாத மணலில் நிழலில் வைத்திருந்து, வைகாசியில் நட்டால் அடுத்த பொங்கலுக்குச் சொந்தக் கொல்லை மஞ்சளே கிடைக்கும்.

இஞ்சியில் இரண்டு கண்களேனும் உள்ள துண்டைத் தேர்ந்து, வெட்டுவாயைச் சாம்பலில் தோய்த்து, ஒரு விரல் ஆழத்தில் அரைநிழலில் நடலாம். எட்டு, ஒன்பது மாதங்களில் முற்றும். சேப்பங்கிழங்கு முளைத்திருந்தால் நீர் செல்லும் வாய்க்கால் ஓரத்தில் ஊன்றலாம்; ஆறு மாத அளவில் கிழங்கு எடுக்கலாம்.

சேனைக்கிழங்கின் தலையில் குழிந்த இடத்திலேயே அதன் கண் இருக்கிறது. சமைக்கும்போது அந்தத் தலைப்பகுதியைச் சற்றுத் தடிப்பாக வெட்டி வைத்துக்கொண்டு, சாம்பல் தடவி உலர்த்தி நட வேண்டும். துண்டு சிறிதாயின் முதல் ஆண்டில் விளையும் கிழங்கும் சிறிதாகவே இருக்கும். அதனையே மறு ஆண்டு நட்டால் பெருங்கிழங்கு ஆகும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஈரமணலில் பாதி புதைத்து வைத்தால் பல கொடிகள் கிளம்பும். அவற்றை ஒரு சாண் நீளமாக வெட்டி, நடுக்கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு நட்டால் நான்கு மாதங்களில் கிழங்கு பறிக்கலாம். அதன் இளங்கொழுந்தையும் கீரையாகச் சமைக்கலாம் என்பது பலர் அறியாதது.

அஞ்சறைப் பெட்டியில் உள்ள விதைகள்

வறுக்காத கொத்தமல்லியும் வெந்தயமும் அஞ்சறைப் பெட்டியிலேயே உள்ள விதைகள். கொத்தமல்லியைப் பலகையில் இட்டுத் தேய்த்து இரண்டாகப் பிளந்தே விதைக்க வேண்டும். ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை உண்டு. வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் 25 நாள் அளவில் கீரை அறுக்கலாம். பழுத்த பூசணி, முற்றிப் பழுத்த பாகல் ஆகியவற்றின் விதைகளைக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

தக்காளி விதையும் முளைக்கும். ஆனால் இன்று சந்தைக்கு வருபவற்றுள் பல வீரிய ஒட்டு இரகங்கள். அவற்றின் விதையிலிருந்து வரும் செடிகள் தாய்ச்செடியைப்போல் ஒரே சீராகக் காய்ப்பதில்லை. வீட்டுக்கு இரண்டு செடி வைப்பதில் தவறில்லை. வயலுக்கு அவ்விதையை நம்பலாகாது.

எதிர்பார்க்கலாகாதவை

கேரட், முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவற்றின் தலைப்பகுதியை நட்டால் பச்சைப்பசேலென்று இலை தழைக்கும். அதனைக் கண்டு மண்ணுக்குள் மீண்டும் கிழங்கு விளையுமெனப் பலர் காத்திருக்கின்றனர். அது விளையாது. அந்தக் கிழங்கு செடி தன் எதிர்காலத்துக்காகச் சேர்த்து வைத்த சேமிப்பு. சேமிப்பை நாம் உண்டபின், எஞ்சிய தலை தன்னிடமுள்ள சிறிது சத்தைக் கொண்டு இலைவிட்டுப் பூக்க முயலுமேயன்றி மறுபடியும் கிழங்கைத் திரட்டாது. முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவற்றின் இளங்கீரையைச் சமைத்துக்கொள்வதே அவற்றால் வரும் பயன்.

முளைத்துப் பச்சை நிறம் பூண்ட உருளைக்கிழங்கை உண்ணலாகாது. அதில் சொலானின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும். முளைத்த வெங்காயத்தில் அத்தகைய தீங்கு இல்லை. அழுகல் இல்லையாயின் அதனை உண்ணவும் செய்யலாம், நடவும் செய்யலாம்.

நீரும் கொசுவும்

வெங்காய அடியையோ புதினாத் தண்டையோ குவளை நீரில் வைத்து வேர்விடச் செய்யும் வழக்கம் இப்பொழுது பரவி வருகிறது. மண்ணில் நேரே நடுவதே மேல். நீரில் வைப்போர் நாள்தோறும் அந்நீரைக் கொட்டி, குவளையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு கலங்களின் ஓரத்திலேயே முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாள்களில் முட்டை கொசுவாகிவிடும். உடைந்த சட்டியிலும் பழைய வாளியிலும் செடி வைப்போர் அடியில் துளையிட்டு, நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீரைக்காகத் தொடங்கிய முயற்சி காய்ச்சலில் முடியலாகாது.

அரிசி கழுவிய நீரையும் காய் அலசிய நீரையும் கீரைப் பாத்திக்கு விடலாம். சோப்புக் கலந்த நீரை வாழைக்குத் திருப்புவது நலம். சாக்கடை நீரை எந்தக் கீரைக்கும் விடலாகாது.

வயலுக்கு ஓர் எச்சரிக்கை

கொல்லைக்கு ஏற்றது யாவும் வயலுக்கு ஏற்றதாகாது. ஒரு ஏக்கர் சின்ன வெங்காயத்திற்கு ஏறத்தாழ 400 கிலோவும் அதற்கு மேலும் விதைக்காய் தேவைப்படுகிறது. விலை ஏறிய ஆண்டில் இச்செலவு குடியானவரைக் கடனாளியாக்கிவிடும். அதனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கழிவு வெங்காயத்தை வாங்கி நடும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் நோயுற்ற காய் வழியாக அழுகல் நோயும் நச்சுயிரி நோயும் வயலுக்குள் புகுந்துவிடும். பிறகு பல பருவங்களுக்கு அவை நீங்கா. நோயற்ற வரப்பிலிருந்து நடுத்தர அளவான, கெட்டியான காய்களைத் தாமே தேர்ந்து, நன்கு உலர்த்தி, காற்றோட்டமுள்ள பட்டறையில் விதைக்கென்று தனியே சேமிப்பதே குடியானவருக்கு உரிய சிக்கனம். புதிதாய்ப் பறித்த காய் சில வாரங்கள் ஓய்வு கொண்ட பின்னரே நன்கு முளைக்கும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 இரகம் பூத்து விதை தருவது, நாற்றுவிட்டு நடக்கூடியது. விதைக்காய்ச் செலவைக் குறைக்க அதுவும் ஒரு வழி.

நீலகிரி மலைக் குடியானவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். உருளைக்கிழங்கைத் தாக்கும் கூட்டு நூற்புழு அம்மாவட்டத்தில் 1961ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அங்குச் சமையல் உருளைக்கிழங்கை விதையாக நடுவதும், அதனை விதைக்கென வேற்றிடம் கொண்டுசெல்வதும் தவிர்க்கத்தக்கவை. இஞ்சி பயிரிடும் ஊர்களிலும் கடை இஞ்சியை வயலில் நடாமல் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நலம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

இப்பணிக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை; ஒழுங்குபடுத்தும் கை ஒன்றே வேண்டும். ஊராட்சி அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைத் தத்தம் வார்டுகளில் தொடங்கலாம்.

முதலாவது, சத்துணவுக் கூடங்கள். 1982ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் சத்துணவுத் திட்டத்தின் கூடங்களில் வெங்காயமும் காய்களும் நிறைய நறுக்கப்படுகின்றன. வேலியும் நீரும் உள்ள பள்ளிகளில் ஒரு பாத்தியை ஒதுக்கி, முளைத்த வெங்காயத்தையும் கீரைத் தண்டுகளையும் பிள்ளைகள் கையாலேயே நடச் செய்யலாம். அதில் வரும் கீரை அவர்கள் இலைக்கே திரும்பிச் செல்லும்.

இரண்டாவது, குப்பை பிரித்தல். தூய்மைக் காவலர்கள் வீடுதோறும் வரும்போது மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே தரச் சொல்கிறோம். அதற்கு முன்னரே கண் உள்ளவற்றை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தால் குப்பையும் குறையும், காவலர் சுமையும் குறையும்.

மூன்றாவது, தண்டு நாற்றங்கால். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் பொறுப்பில், நீர்த்தொட்டி அருகே புதினா, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை ஆகிய மூன்றையும் பெருக்கி வைத்தால், வேண்டும் வீட்டார் தண்டு பெற்றுச் செல்லலாம். கொல்லை இல்லாத வீட்டாருக்கும் துளையிட்ட பழைய வாளி ஒன்று போதுமானது.

நான்காவது, கிராம சபை. மே 1ஆம் நாளும் அக்டோபர் 2ஆம் நாளும் கூடும் கிராம சபைகள் வெங்காயப் பட்டங்களோடு ஒத்து வருகின்றன. அன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி, முளைத்த வெங்காயத்தையும் சேனைத் தலையையும் கையில் எடுத்துக் காட்டிக் கண் எது என்று விளக்கினால், நூறு துண்டறிக்கைகளால் ஆகாதது அதனால் ஆகும்.

முடிவுரை

அடுப்படி மீதியைக் கொண்டு ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவை முழுவதையும் நிறைவு செய்துவிட முடியாது. அவ்வாறு கூறுவது மக்களை ஏமாற்றுவதாகும். வாரத்தில் இரண்டு நாள் கீரையும், அன்றாடக் குழம்புக்கு ஒரு கைப்பிடி தாளும் புதினாவும், ஆண்டுக்கு ஒரு முறை மஞ்சளும் சேனையும் கிடைக்கும் என்பதே நியாயமான கணக்கு. கீரை உண்ணும் வேளையில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். கருவுற்ற பெண்ணும் வளரும் பெண்பிள்ளையும் உள்ள வீட்டில் அந்த இரண்டு நாள் கீரையின் மதிப்பைச் சந்தை விலையால் அளவிட இயலாது. ஆதலின் இந்தப் பட்டம் தவறுவதற்கு முன்னரே ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு பாத்தி கொத்தப்பட வேண்டும். அதில் முதலில் ஊன்றப்படுவது இன்று கூடையில் முளைத்துக் கிடக்கும் வெங்காயமாக இருக்கட்டும்.